கல்லும் குடியும்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை யாவை? ஓங்கிய மதில், வரிசையாக நிற்கும் பீரங்கி, போரிட்ட மன்னன் பெயர், போர் நடந்த ஆண்டு. பள்ளிப் பருவத்து வரலாற்றுப் பாடம் வரைந்து தந்த படம் அது. அழகான படந்தான். ஆயினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. அந்தப் படத்துக் கோட்டைக்குள்ளே அடுப்புப் புகைவதில்லை, குழந்தை அழுவதில்லை, கடைக்காரர் காலையில் கடை திறப்பதில்லை. மக்கள் இல்லாத கோட்டையே கோட்டை என்று எண்ண நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் தீயது என்பதே நான் இங்குச் சொல்ல வந்த செய்தி.

சனத்நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் சென்றால் கோல்கொண்டா. ஐதராபாத்துக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் எவரும் முதலாண்டிலேயே அங்குச் சென்று வந்துவிடுவர். நுழைவாயிலின் கும்மட்டத்தடியில் நின்று கை தட்டுவர். ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சியிலே, பாலா ஹிசாரில் நிற்கும் தோழனுக்கு அந்த ஒலி கேட்கிறதா என்று பார்ப்பர். கேட்டதும் மகிழ்வர். பிறகு படியேறி, படம் எடுத்து, படியிறங்கி, பேருந்து ஏறுவர். சீட்டு வாங்கிக்கொண்டு நாம் நுழைகின்ற அந்தப் பகுதி கோல்கொண்டாவின் அரண்மனையும் அகக் கோட்டையுமே அன்றிக் கோல்கொண்டா முழுவதும் அன்று. பேருந்து எந்த வாயிலின் வழியாக உள்ளே வந்ததோ அந்த ஃபதே தர்வாசா கோட்டையின் வாயில். வழியிலே நாம் கண்ட கறிகாய்க் கடையும், தையற் கடையும், பள்ளிக்கூடமும், பள்ளிவாசலும் கோட்டைக்குள்ளேயே இருப்பவை. புற மதிலுக்கு உட்பட்ட நிலத்திலே இன்றும் ஓர் ஊர் வாழ்கிறது. நாமோ அந்த ஊரைக் கடந்து சென்று, ஆளில்லாத அரண்மனையைக் கண்டுவிட்டு, "கோல்கொண்டாவைப் பார்த்தேன்" என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறோம்!

அந்த ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கொல்ல கொண்டா' என்ற தெலுங்குச் சொற்கள் மருவியே கோல்கொண்டா ஆயிற்று என்பர். இடையர் குன்று என்பது அதன் பொருள். காகதியர் காலத்தில் மண்கோட்டையாக இருந்தது. 1363இல் பாமினி அரசின் கைக்குப் போயிற்று. ஈரான் நாட்டு ஹமதானிலிருந்து பிழைப்புத் தேடித் தக்காணம் வந்த சுல்தான் குலி என்பவர் 1518இல் இங்கே தனியரசு கண்டார். மூன்று தலைமுறைகளில் மண்கோட்டை கற்கோட்டை ஆயிற்று. எட்டு வாயில்களும் 87 கொத்தளங்களும் எழுந்தன. கிருஷ்ணை ஆற்றங்கரைக் கொல்லூரில் தோண்டிய வைரங்கள் இங்கே விலைபோயின. சுரங்கம் அங்கே, சந்தை இங்கே. ஊர் நெருக்கியது, நீர் போதவில்லை. ஆகவே 1591இல் முகமது குலி குதுப்ஷா மூசி ஆற்றுக்கு அப்பால் ஐதராபாத்தை அமைத்தார். தலைநகர் பெயர்ந்தது, ஆனால் கோட்டை ஊர் அழிந்துவிடவில்லை.

"இது தெலுங்கு நாட்டுக் கோட்டை, தக்காணத்து முஸ்லிம் மன்னர் கோட்டை. தமிழ் மாணவர் மலருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்போர் இருக்கலாம். வேலை உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலே பூந்தமல்லியும் சாந்தோமும் கோல்கொண்டாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1672இல் ஆங்கிலக் கும்பெனியார் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, சென்னைப் பட்டினத்துக்காக ஆண்டுக்கு 1200 வராகன் செலுத்தியது இந்தக் கோல்கொண்டா அரசுக்குத்தான். நம் ஊர்ப் பஜனை மடங்களில் பாடப்படும் பத்ராசல ராமதாசராகிய கோபன்னா சிறையிருந்த இடமும் இக்கோட்டையே. கடைசி மன்னர் அபுல் ஹசன் தானாஷாவிடம் மதன்னா, அக்கன்னா என்ற அந்தண உடன்பிறப்பினர் பேரமைச்சர்களாக விளங்கினர். 1677இல் சிவாஜி இங்கு வந்து தானாஷாவோடு நட்புக்கொண்டு, பின்னர்த் தெற்கே சென்று கைப்பற்றியது நம் செஞ்சிக் கோட்டையை. ஆக, கோல்கொண்டாவின் கதையில் தமிழ்நாட்டுக்கும் சில பக்கங்கள் உண்டு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இக்கோட்டையைக் கட்டியவர் பிறநாட்டிலிருந்து வந்தவர். இதைக் காத்தவர்களும் இதில் வாணிகம் செய்தவர்களும் பல நாட்டவர், பல மொழியினர். படிப்புக்கும் பிழைப்புக்கும் இந்நகருக்கு வந்து, சனத்நகரில் வாடகை அறையில் வாழும் என் போன்றோர், 'இது எமக்கு அயல்' என்று ஒதுங்கி நிற்பது பொருந்துமா? வந்தவர்களால் ஆன ஊர் எல்லோருக்கும் பாடம் சொல்லும்.

அது சொல்லும் முதற்பாடம் 1687இல் நிகழ்ந்தது. ஔரங்கசீப்பின் பெரும்படை எட்டுத் திங்கள் கோட்டையை முற்றுகையிட்டது. வெடிவைத்துப் பார்த்தார்கள், வெடி அவர்கள் பக்கமே வெடித்தது. மழை பெய்தது, பஞ்சம் வந்தது, மதில் அசையவில்லை. முடிவில் அப்துல்லாகான் பன்னி என்ற படைத்தலைவன் கைக்கூலி பெற்றுக்கொண்டு, இரவிலே ஒரு சிறு வாயிலைத் திறந்துவிட்டான். அதே இரவில் அப்துல் ரசாக் லாரி என்ற மற்றொரு தலைவன், உடலெல்லாம் புண்பட்டு விழும்வரை வாயிலில் நின்று போரிட்டான். கல் செய்ய வேண்டியதைக் கல் செய்தது. விற்றவனும் மனிதன், காத்தவனும் மனிதன். மதிலின் வலிமை மதிலுக்குள் இருப்போர் மனத்தைப் பொறுத்தது என்ற உண்மை போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் இக்காலத்துக்கும் அதுவே பொருந்தும்.

சற்றே கடல் கடந்து சென்று வருவோம். இத்தாலி நாட்டிலே குன்றின்மேல் அமைந்த பழைய ஊர்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று தஸ்கனியிலுள்ள சான் ஜிமிஞானோ. யாத்திரிகர் ரோமுக்குச் செல்லும் வழியில் இருந்ததால் அது செழித்தது. குங்குமப்பூ வாணிகத்தால் கொழுத்தது. செல்வக் குடும்பங்கள் ஒன்றையொன்று விஞ்சக் கோபுரங்கள் எழுப்பின. அவை 72 இருந்தன என்பர். 1348இல் கொள்ளைநோய் வந்தது, 1353இல் ஊர் புளோரன்சுக்குப் பணிந்தது, வளர்ச்சி நின்றது. பழையதை இடித்துப் புதியது கட்டப் பணம் இல்லாமையால் 14 கோபுரங்கள் நமக்கு எஞ்சின. 1990இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வறுமை காத்த ஊர் அது!

மற்றொன்று சிவிட்டா தி பாஞ்ஞொரேஜியோ. எத்ருஸ்கர் காலத்திலிருந்து மக்கள் வாழ்ந்த பழம்பதி. அதன் குன்று மேலே எரிமலைச் சாம்பற் பாறை, கீழே களிமண். மழையும் ஓடையும் களிமண்ணைக் கரைக்க, மேற்பாறை ஓரத்திலே பிளந்து பிளந்து விழுகிறது. 1695இல் நிலநடுக்கம் வேறு வந்தது. மக்கள் சிறிது சிறிதாக வெளியேறினர். இன்று ஆண்டு முழுவதும் அங்கே வாழ்பவர் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். ஒற்றை நடைபாலத்தின் வழியே நுழைவதற்கு 2013 முதல் கட்டணம் வாங்குகிறார்கள். பார்க்க வருவோர் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மாலையில் திரும்பிவிடுகிறார்கள். இரவிலே விளக்கெரியும் வீடுகள் சில. ஊர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஊர் என்பதா, ஊரின் உருவம் என்பதா?

நம் நாட்டுக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் செஞ்சி இருக்கிறது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் வளைத்த மதில். இடையர் குலத்து ஆனந்தக் கோன் தொடங்கிய கோட்டை என்பது மரபு. இடையர் குன்றாகிய கோல்கொண்டாவுக்கும் இதற்கும் பிறப்பிலேயே ஓர் ஒற்றுமை! சிவாஜியின் மகன் இராசாராம் செஞ்சியில் புகலடைய, 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டது. 1714இல் தேசிங்குராசன் மாண்டான். கதைப்பாடலிலே இன்றும் வாழ்கிறான். 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761இல் ஆங்கிலேயர் பிடித்தனர். அதன் பின் கோட்டை வெறுமையாயிற்று. வேங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்கள் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, கடற்கரையிலே அழகுக்காக நிற்கின்றன. காப்பார் இல்லாத இடத்தில் தூணுக்கும் கால் முளைத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற பெயரால் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. ஒன்று நம் செஞ்சி. தமிழர் அனைவரும் மகிழ வேண்டிய செய்தி. கோல்கொண்டாக் கோட்டையும், குதுப்ஷாகிக் கல்லறைகளும், சார்மினாரும் 2010இல் இந்தியாவின் முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றன. ஒரு நாள் கோல்கொண்டாவுக்கும் அந்தப் பெருமை கிட்டலாம், கிட்ட வேண்டும். அந்த நாளில் கோட்டைக்குள் வாழும் மக்கள் நிலை என்ன ஆகும்? என் கவலை இதுதான்.

செஞ்சியில் இக்கேள்வி எழவில்லை. மக்கள் முன்பே மதிலை விட்டு வெளியேறிப் பக்கத்து ஊரில் வாழ்கின்றனர். கோல்கொண்டாவில் எழுகிறது. 1958இல் இயற்றிய பழஞ்சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள ஒரு சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். வயல் நடுவே தனித்து நிற்கும் ஒரு சிறு கோயிலுக்கு இது நல்ல வேலி. ஆனால் நாட்டிலுள்ள மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட சின்னங்களுக்கும் இதே அளவுகோல்தான். மதிலே ஊரைச் சுற்றி ஓடும்போது, கோட்டைக்குள் வாழ்பவன் எந்தப் பக்கம் 100 மீட்டர் அளப்பான்? வாயில் ஒரு சின்னம், கொத்தளம் ஒரு சின்னம், அரண்மனை ஒரு சின்னம். அவற்றின் நடுவே அவன் வீடு.

பௌதிகம் படிப்போர் அறிவர்: எந்த அளவையும் அளக்கப்படும் பொருளுக்கு ஏற்ப இருக்க வேண்டும். பொன்னை நிறுக்கும் தராசில் புளிமூட்டையை ஏற்றுவதில்லை. இதைச் சட்டம் செய்தோரும் உணர்ந்தே இருக்கின்றனர். ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் இயல்புக்கேற்பத் தனித் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று அதே 2010ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அந்த விதிகளை வகுக்கும்போது, மதிலுக்குள் வாழ்வோரையும் உடனிருத்திக் கேட்டு வகுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மறுப்பவர் சொல்வதையும் கேட்போம். "மக்கள் கோட்டையைக் கெடுக்கின்றனர். மதிற்கல்லைப் பெயர்த்து வீட்டுக்கு வைக்கின்றனர். மதிலோடு ஒட்டிச் சுவர் எழுப்புகின்றனர். குப்பையை அகழியில் கொட்டுகின்றனர். அவர்களை அப்புறப்படுத்தினாலன்றிக் கோட்டை பிழைக்காது" என்பது அவர் வாதம். முற்றிலும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? கூரை ஒழுகுகிறது, அதை மாற்ற எழுத வேண்டிய விண்ணப்பம் எது, எங்கே கொடுப்பது, எத்தனை நாளாகும் என்று ஏழைக்குத் தெரியாது. அனுமதி பெறுவது அரிதானால், அனுமதி இல்லாமற் கட்டுவது எளிதாகிவிடும். அதுவும் இரவோடு இரவாக, கிடைத்த செங்கல்லையும் சிமெண்டையும் கொண்டு கட்டப்படும். பகலிலே, முறையாக, மேற்பார்வையோடு நடந்திருக்க வேண்டிய வேலை அது. கெடுத்தது குடியிருப்பா, முறையின்மையா?

ஆளில்லாமற் போனால் மட்டும் கல் பிழைத்துவிடுமா? 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் பெருமழை கொட்டியபோது கோல்கொண்டாவின் மதிலில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கல்லிடுக்கில் வேர்விடும் ஆலங்கன்றை முதலில் காண்பவர் யார்? மாதம் ஒருமுறை வரும் அதிகாரியா, அதன் நிழலிலே தினமும் கட்டில் போட்டு உட்காரும் முதியவரா? மழைநீர் தேங்கும் இடம் எது, பழைய வடிகால் எங்கே அடைபட்டது என்று சொல்லக்கூடியவர் யார்? கண் இல்லாத காவல் காவலாகாது. அந்தக் கண்கள் மதிலுக்குள்ளே இருக்கின்றன.

இதிலே விஞ்ஞானமும் இருக்கிறது. கோட்டையைக் கட்டியோர் சுண்ணாம்புச் சாந்தைப் பயன்படுத்தினர். சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டால் கரியமிலவாயு வெளியேறும். நீற்றிக் குழைத்துச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி அது மீண்டும் கல்லாகும். இப்படி இறுகிய சாந்து ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். சிமெண்டோ ஈரத்தைப் பூட்டிவைக்கும். உள்ளேயுள்ள உப்பு கல்லை அரிக்கும். கோட்டைக்குப் பக்கத்திலுள்ள குதுப்ஷாகிக் கல்லறைகளில், 2013 தொடங்கி ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் மாநில அரசும் சேர்ந்து நடத்திய திருப்பணியில், முன்னாளில் பூசிய சிமெண்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தையே பூசினர். பழைய முறை அறிந்த கொத்தர்களின் கைவண்ணம் அது. அங்குள்ள படிக்கிணறுகளின் சீரமைப்புக்கு 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது.

கல்லறைத் தோட்டத்தில் செய்ய முடிந்ததைக் குடியிருப்பில் ஏன் செய்யக் கூடாது? கோட்டைக்குள் வாழும் இளைஞர்களுக்கே இந்தச் சாந்து வேலையையும் கல் வேலையையும் கற்றுக்கொடுத்து, மதிலைப் பழுதுபார்க்கும் பணியில் அவர்களையே அமர்த்தினால், கல்லுக்கும் காப்பு, கைக்கும் கூலி. தன் கையால் கட்டிய சுவரை எவனும் தானே பெயர்க்கமாட்டான். அவர்களுடைய வீடுகளைப் பழுதுபார்க்கவும் அதே சாந்தை மலிவாகக் கிடைக்கச் செய்தால், சிமெண்டை நாடுவோர் தொகை தானே குறையும். அனுமதி விண்ணப்பத்தை ஏற்க ஓர் அலுவலர் வாரத்தில் ஒரு நாளேனும் கோட்டைக்குள்ளேயே வந்து உட்காரட்டும். படிவம் தெலுங்கிலும் உருதுவிலும் இருக்கட்டும். இவை வானத்தை வில்லாக வளைக்கும் காரியங்கள் அல்லவே!

மரபு என்பது கல்லில் மட்டும் இல்லை. ஆஷாட மாதத்தில் ஐதராபாத்து நகரமெங்கும் போனாலுத் திருவிழா நடக்கிறது. சோற்றுப்பானையைத் தலையில் ஏந்திப் பெண்கள் அம்மனுக்குப் படைக்கும் அவ்விழா, கோல்கொண்டாக் கோட்டையிலுள்ள ஜகதாம்பிகை கோயிலில்தான் முதலில் தொடங்குகிறது. நம் ஊரில் ஆடியிலே அம்மனுக்குக் கூழ் ஊற்றும் காட்சி நினைவுக்கு வரவில்லையா? செஞ்சியிலும் இராசகிரி மலையின்மேல் கமலக்கண்ணி அம்மனை வணங்க மக்கள் ஏறுகின்றனர். நயா கிலாப் பகுதியில், பல நூற்றாண்டு கண்ட ஒரு பெருமரம் நிற்கிறது; ஆப்பிரிக்க நாட்டு மரம். யானை மரம் என்று ஊரார் அதற்கு வைத்த பெயர் இன்றும் வழங்குகிறது. மரமும் வந்தேறி, மன்னனும் வந்தேறி. பெயர் வைத்துத் தமதாக்கிக்கொண்டவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களை வெளியேற்றிவிட்டால் மரம் நிற்கும், பெயர் நிற்குமா?

நம் தமிழ் மன்றத் தோழர்களுக்கு ஒரு சொல். அடுத்த முறை கோல்கொண்டா செல்லும்போது குன்றின் உச்சியோடு திரும்பிவிடாதீர்கள். அரண்மனையை விட்டு வெளியே வந்து, மோத்தி தர்வாசாப் பக்கமும் பஞ்சாரா தர்வாசாப் பக்கமும் தெருத்தெருவாக நடந்து பாருங்கள். அங்குள்ள முதியவர்களிடம் கிணறு எங்கே இருந்தது, நீர் எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொறியியல் மாணவர் மதிலின் வெடிப்புகளைக் குறித்துப் படம் வரையலாம். இரசாயன மாணவர் சாந்தைச் சோதிக்கலாம். மொழி மாணவர் தெருப் பெயர்களைத் தொகுக்கலாம். அப்படித் தொகுத்ததை அவ்வூராரிடமும், தொல்பொருள் துறையிடமும் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள் இதற்குப் போதும். விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்வோர் செஞ்சிக்கும் இதையே செய்யலாம். அங்கே மதிலுக்கு வெளியே இருக்கும் ஊர் மதிலோடு கொண்ட உறவு என்ன என்று கேட்டு வரலாம்.

2014 முதல் விடுதலை நாளன்று தெலங்கானா முதலமைச்சர் தேசியக் கொடியேற்றும் இடம் கோல்கொண்டாக் கோட்டை. அடிமைத்தளை அறுந்த நாளைக் கொண்டாட அதைத் தேர்ந்தெடுத்தது மிகவும் பொருத்தம். அந்தக் கொடி பறக்கும் மதிலின் அடியிலே, தம் வீட்டுக் கூரையை மாற்ற யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் ஒரு குடும்பம் இருக்கலாகாது. கல்லைக் காப்போம், அதனினும் கருத்தாக, அந்தக் கல்லுக்குள்ளே விளக்கேற்றும் குடிகளைக் காப்போம். குடி வாழ்ந்தால் கோட்டை வாழும்.